பதினாலாம் நம்பர் ரூமில் வந்த வாடை

ஆமத்தூர்
18-6-2007

அன்பு மருமகள் எழிலுக்கு உன் தாய்மாமன் சங்கிலிமுத்து எழுதிக்கொண்டது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மூன்று வயதில் நீ என் வேலைச் சட்டைப் பையில் கைவிட்டு அலுமினியப் பவுடரை எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டு நின்றாய். உன் அம்மா அழுதாள். உன் அப்பா, அப்போது அவர் இருந்தார், பதறிப்போனார். நான் மட்டும் கலங்கவில்லை. "சும்மா இருங்க மச்சான், இவ பவுடரை வச்சுத்தான் பெரிய படிப்பு படிக்கப் போறா" என்றேன். தெருவே கூடி நின்று கேட்டது. சாட்சிக்கு இருபது பேரைக் கூட்டி வருவேன். அதில் பாதிப் பேர் செத்துப்போனார்கள் என்றால் அது என் குற்றமில்லை.

நீ நானோ சயின்ஸ் எம்.எஸ்ஸி. படிப்பதை கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டேன். மேனேஜர் ராஜபாண்டியன் கேட்டார், "நானோன்னா என்னய்யா?" நான், "ஒரு தலைமுடியை லட்சம் கூறாப் பிளந்து, அதுல ஒரு கூறை மட்டும் எடுத்துப் படிக்கிறது" என்றேன். "அம்புட்டுச் சின்னதைப் படிக்க ரெண்டு வருசமா?" என்றார். பொறாமை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி அலுமினியப் பவுடர் ஒரு ஸ்பூன் வேண்டும் என்று நீ போனில் அம்மாவிடம் கேட்டாயாம். முருகம்மாள் வெள்ளந்தி. தூக்குவாளியில் போட்டுக் கொண்டுவந்துவிடவா என்று என்னிடமே கேட்கிறாள். வாயை மூடு என்றேன். உனக்கு இந்த ஊர் தெரியும். ஒரு பட்டாசுக் கம்பெனியின் மருந்துக் கலவை இன்னொரு கம்பெனிக்குத் தெரிந்தால் சீசனே போச்சு. உன் கைடு அம்மா சொர்ணலட்சுமியின் பூர்வீகம் திருத்தங்கல் என்று லாரி டிரைவர் வேலுச்சாமி விசாரித்துச் சொன்னான். திருத்தங்கல்காரர் ஒருவர் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு நம் பவுடரை ஏன் கேட்கிறார்? யாருக்காகக் கேட்கிறார்? அவர் சொந்தக்காரர் எவருக்குப் பட்டாசுக் கம்பெனி இருக்கிறது? எழுது. போனில் சொல்லாதே. பூத்துக்காரன் சீனிச்சாமி கண்ணாடிக்கு வெளியே நிற்பான், அவன் காது உள்ளேதான் இருக்கும்.

இப்படிக்கு,
மருந்துக் கலவை ஹெட் போர்மன்
சங்கிலிமுத்து


மாணவியர் விடுதி, கோயம்புத்தூர்
27-6-2007

மாமாவுக்கு வணக்கம்.

ஹெட் போர்மன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். போன பொங்கல் வரைக்கும் டிரம் உருட்டிக்கொண்டிருந்தீர்கள். வாழ்த்துகள்.

என் கைடின் அப்பா திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். அவர்கள் குடும்பத்தில் பட்டாசு வாங்கியவர்கள்தான் உண்டு, செய்தவர்கள் இல்லை. உங்கள் சந்தேகத்தை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "உங்க மாமா சரியான சிவகாசி ஆளு" என்றார்.

நான் என்ன படிக்கிறேன் என்று மேனேஜருக்குச் சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்லுங்கள். முழு மிளகாயைச் சட்டியில் போட்டு வறுத்தால் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் இருமல் வரும். அதையே பொடித்துப் போட்டால் தெருவே இருமும். மிளகாய் அதேதான், அளவுதான் வேறு. பொருளின் பெயர் மாறாமலே, அளவு குறையக் குறையக் குணம் மாறிக்கொண்டே போகும். அலுமினியம் சட்டியாக இருந்தால் அடுப்பில் வைக்கலாம். பவுடராக இருந்தால் பட்டாசில் போடலாம். அதற்கும் கீழே நுணுகிப்போனால் அது யார் பேச்சையும் கேட்காது.

நம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வரும் பவுடர், டிரம்மில் எழுதியிருக்கும் அளவில்தான் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் ப்ராஜெக்ட். வேறு ஆறு இடங்களிலிருந்து வாங்கிவிட்டேன். எனக்கு முக்கியம் அம்மா உட்காரும் ரூமுக்குப் போகிற பவுடர். ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எந்த டிரம், எந்தத் தேதி, யார் எடுத்தது. இந்த மூன்றும் எழுதி அனுப்புங்கள். எப்படி எடுத்தீர்கள் என்ற கதை வேண்டாம்.

எழில்


ஆமத்தூர்
16-7-2007

அன்பு மருமகளுக்கு,

கதை வேண்டாம் என்று எழுதியிருந்தாய். கதை இல்லாமல் பவுடர் தானாக நடந்து வருமா? சுருக்கமாகச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ராஜபாண்டியன் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பின்பக்கமாக வயிற்றால் ஊர்ந்து போனேன். நடுவழியில் ஒரு பாம்பு. நல்ல பாம்புதான். அதுவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது யோசித்துவிட்டு வழி விட்டது. டிரம் எண் முப்பத்தொன்று, தேதி 10-7, எடுத்தது நான்.

வேலுச்சாமி நோட்டுப் புத்தக லோடு ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் வருகிறான். அவனிடம் மாத்திரைப் புட்டியில் கொடுத்தனுப்புகிறேன். அவனிடம் திருநீறு என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

உன் கைடு அம்மா நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியாதல்லவா? அதனால் என் தரப்பில் ஒரு சின்னப் பாதுகாப்பு ஏற்பாடு செய்திருக்கிறேன். அது உனக்குத் தெரிய வேண்டியதில்லை.

சங்கிலிமுத்து


கோயம்புத்தூர்
21-8-2007

மாமா,

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எங்கள் முறை வருவதற்கு நான்கு வாரம் காத்திருந்தேன். நேற்று இரண்டு மணி நேரம் கிடைத்தது. திரையில் அலுமினியத்தோடு மெக்னீசியமும் சிலிக்கானும் வந்தன. கைடும் சீனியர்கள் இரண்டு பேரும் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது என்னம்மா, புது ரகமா?" என்று கைடு கேட்டார். நான் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். சந்தன வாசனை.

அத்தை முகத்துக்குப் போடும் பவுடரைக் கலந்திருக்கிறீர்கள், அப்படித்தானே?

சீனியர்கள் இப்போது என்னைப் பார்த்தால் கன்னத்தைத் தடவிக் காட்டுகிறார்கள். அது போகட்டும். நீங்கள் எழுதிய மூன்று விவரங்களில் எது உண்மை, எது உங்கள் பாம்பு என்று இனி எனக்குத் தெரியாது. பவுடரைவிட எனக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

இனி எதுவும் அனுப்ப வேண்டாம்.

எழில்


ஆமத்தூர்
2-9-2007

எழிலுக்கு,

கோபப்படாதே. உன் மெஷினை நான் பரீட்சித்துப் பார்த்தேன். பாஸ். சந்தன வாசனை வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் அத்தை ஒன்றரை மாதமாக டப்பாவைத் தேடுகிறாள், அது தனிக் கதை.

இப்போது நான் எழுதுவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. நான் முகப்பவுடர் கலந்து அனுப்பியது லேபிள் ஒட்டிய பழைய டிரம்மிலிருந்து எடுத்தது. அதில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அதை அனுப்பினேன். ஆடி மாதம் முடிந்ததும் லேபிளே இல்லாமல் ஏழு டிரம் வந்து இறங்கியது. சீசன் ஆர்டர் தலைக்கு மேல் கிடப்பதால் எங்கிருந்தோ வாங்கியிருக்கிறார்கள். அது நேராகப் போவது பதினாலாம் நம்பர் ரூமுக்கு. அங்கேதான் உன் அம்மா உட்கார்ந்து மருந்து அடைக்கிறாள். நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் இப்போது ஒன்பது பேர்.

இந்தப் பவுடரைத் தட்டில் கொட்டினால் கொட்டின இடத்தில் கிடக்க மாட்டேன் என்கிறது. புகை மாதிரி எழும்பிக் கொஞ்ச நேரம் நின்று யோசிக்கிறது. கையில் ஒட்டினால் மூன்று நாளைக்குப் போகாது. முருகம்மாள் சாயங்காலம் வேனில் ஏறும்போது எவர்சில்வர் கடைப் பொம்மை மாதிரி மின்னுகிறாள். நான் நேராகவே போய், "ஐயா, இதுக்கு லேபிள் எங்கய்யா?" என்று மேனேஜரிடம் கேட்டேன். "ஒமக்கு வேலை டிரம்மை உருட்டுறது. வாசிக்கிறது இல்ல" என்றார்.

இத்துடன் இன்னொரு புட்டி. முருகம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தட்டிலிருந்தே எடுத்தது. லேபிள் இல்லாத டிரம், தேதி 31-8. அவள் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். பாம்பு எதுவும் வரவில்லை.

சங்கிலிமுத்து


கோயம்புத்தூர்
9-10-2007

மாமாவுக்கு,

சீனிச்சாமி பூத்துக்கு மூன்று தடவை போன் பண்ணினேன். "வேலைக்குப் போயிட்டாக" என்பதைத் தவிர அவருக்கு வேறு பதில் தெரியவில்லை. விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலுச்சாமி அண்ணன் காலண்டர் லோடு இறக்கிவிட்டு இன்றிரவே ஊருக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதம்.

இந்தப் புட்டியில் மெக்னீசியம் இல்லை, சந்தனமும் இல்லை. பழைய டிரம்மில் ஒரு துகள் தலைமுடியின் பாதி அகலம் இருந்தது. இதில் பெரும்பாலான துகள்கள் அதே முடியில் ஐந்நூற்றில் ஒரு பங்குதான். இப்படி ஒரு பவுடரை நாங்கள் ஊசி நுனியளவு எடுப்பதற்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கிறோம். அங்கே அதைத் தட்டில் கொட்டிச் சுற்றிலும் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மழை வேறு தொடங்கிவிட்டது. இந்தப் பவுடரும் வெடியுப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால், யாரும் பற்றவைக்காமலே உள்ளுக்குள் சூடேறும். அப்போது ஒரு நெடி வரும். சலூனில் முடிக்குச் சாயம் கலக்கும்போது மூக்கில் சுருக்கென்று ஏறுமே, அந்த நெடி. அது அம்மோனியா. அது வந்த பிறகு யாரும் அந்த ரூமில் இருக்கக் கூடாது.

ஆனாலும் கேட்கிறேன். இது உண்மையிலேயே பதினாலாம் ரூம் பவுடர்தானா? "முதல் புட்டியில் முகப்பவுடர் கலந்தவர் இரண்டாவதில் என்ன செய்திருப்பார்?" என்று கைடு கேட்கிறார். அறிக்கையில் கையெழுத்துப் போட அவருக்குத் தயக்கம். நீங்கள் பொய் சொல்லியிருந்தால், மாமா, நான் சந்தோஷப்படுவேன். பொய் இல்லையென்றால் அம்மாவை இன்றைக்கே அந்த ரூமிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

எழில்


ஆமத்தூர்
13-10-2007

அன்பு மருமகளே,

முதலில் இதைப் படி. உன் அம்மா நன்றாக இருக்கிறாள். யாருக்கும் ஒரு முடிகூடக் கருகவில்லை. பதினாலாம் நம்பர் ரூம்தான் இல்லை.

நான் சொன்னேனா இல்லையா? புதன்கிழமை காலையில் கம்பெனி கேட்டைத் தாண்டும்போதே எனக்கு வலது தோள் துடித்தது. பத்து மணி இருக்கும். பதினாலாம் ரூம் பக்கமாக டிரம்மோடு வந்துகொண்டிருக்கிறேன். சுருக்கென்று ஒரு வாடை. சலூனில் முடிக்குச் சாயம் கலக்கிற நெடி. இருபத்தெட்டு வருஷ அனுபவம் உள்ள மூக்கு இது. எனக்குப் புரிந்துவிட்டது.

தீ என்று கத்தினால் என்ன ஆகும்? எங்கே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் கத்தியது வேறு. ரூமுக்கு நாலு பேர்தான் என்பது சட்டம் என்று உனக்குத் தெரியும். ஆபீசர் ஜீப் தெரிந்தால் மிச்ச ஐந்து பேர் பின் வேலி வழியாகக் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட வேண்டும். வருஷா வருஷம் பழகின ஓட்டம். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"ஏத்தா, இன்ஸ்பெக்ஷன் வாராக! ஜீப்பு பாலத்துல திரும்பிருச்சு! ஓடுங்கத்தா!"

ஐந்து பேர் பறந்துவிட்டார்கள். ரிஜிஸ்டரில் பேர் உள்ள நாலு பேர் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள். "இவரு மெட்ராஸ் ஆபீசரு, ரிஜிஸ்டரைக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் பேசுவாரு" என்றேன். மூன்று பேர் எழுந்தார்கள். உன் அம்மா எழவில்லை.

"நான் எதுக்குண்ணே ஓடணும்? எம்பேரு இருக்குல்ல?"

"பேரு இருக்கு. வயசு முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு. ஒம் மூஞ்சியப் பாத்தா எவன் நம்புவான்? எந்திரிட்டி!"

"ஒம் மூஞ்சிக்கு எம் மூஞ்சி எம்புட்டோ தேவலை" என்று திட்டிக்கொண்டே வந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலி தாண்டினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ரூம் போய்விட்டது. கூரைத் தகரம் கண்மாயில் போய் விழுந்தது. அதற்கும் அந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு.

உன் கடிதமும் கிடைத்தது. நான் மூக்கால் கண்டுபிடித்ததைத்தான் நீயும் எழுதியிருந்தாய். சந்தோஷம்.

இனி சந்தோஷமில்லாத பகுதி. ரூமிலிருந்து கடைசியாக வெளியே வந்தது முருகம்மாள். அதைப் பிடித்துக்கொண்டார் ராஜபாண்டியன். அவள்தான் இரும்புக் கரண்டியைத் தட்டில் போட்டு இழுத்தாள், அதில் பொறி வந்தது என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டார். நேற்று முழுக்க அவளை அங்கே உட்காரவைத்திருந்தார்கள். கேஸ் போட்டால் அவளுக்கு இந்தப் பக்கம் எந்தக் கம்பெனியிலும் வேலை கிடைக்காது. வேலையாவது போகட்டும், ஜெயில் என்கிறார்கள். உன் கைடு அம்மாவிடம் ஒரு காகிதம் வாங்கு. சீல் பெரிதாக இருக்கட்டும்.

சங்கிலிமுத்து


கோயம்புத்தூர்
19-10-2007

மாமாவுக்கு,

அம்மாவிடம் போனில் பேசினேன். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கைடு எழுதிக் கொடுக்கிறேன் என்கிறார். ஆனால் ஒரே ஒரு விஷயத்தின் மேல்தான் அவரால் எழுத முடியும். கரண்டிப் பொறியால் பற்றியிருந்தால் அது அந்த நொடியிலேயே பற்றியிருக்கும், முன்னால் எந்த நெடியும் வராது. ஈரத்தால் தானே சூடேறியிருந்தால்தான் அம்மோனியா வரும். ஆகவே அந்த நெடி வந்தது என்றால் அம்மா மேல் தப்பில்லை. வரவில்லையென்றால் எங்களுக்கு எதுவும் தெரியாது.

அம்மாவிடம் கேட்டேன். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார். தனக்கு நெடி வந்தது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

இந்த ஒரு தடவை மட்டும் அலங்காரம் இல்லாமல் சொல்லுங்கள். நெடி வந்ததா?

எழில்


ஆமத்தூர்
1-11-2007

அன்பு மருமகளே,

வந்தது, வந்தது, வந்தது. கோயிலில் சூடம் அடித்தும் சொல்கிறேன்.

விசாரணை முடிந்தது. ஆபீசர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே பேசுகிறேன் என்றேன். "என்ன வாடைய்யா அது?" என்றார். "ஐயா, சலூனுல முடிக்குச் சாயம் கலக்குறப்ப மூக்குல சுருக்குன்னு ஏறுமே, அந்த நெடி. அதுக்குப் பேரு அம்மோனியா" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எது வரைக்கும் படிச்சிருக்கீக?" என்றார். "ஏழு. எட்டாவதை அனுபவத்துல முடிச்சேன்" என்றேன்.

பிறகு உன் கைடு அம்மா எழுதிய காகிதத்தைப் படித்தார். சீல் சுமார்தான், ஆனாலும் வேலை செய்தது. முருகம்மாள் மேல் தவறில்லை என்று எழுதிவிட்டார்கள். ராஜபாண்டியன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! லேபிள் இல்லாத டிரம்முக்கு அவர் இனிப் பதில் சொல்ல வேண்டும். உன் அம்மா ரேஷன் கடைக்கு நிமிர்ந்து நடந்து போய் வருகிறாள். திருத்தங்கல் வரைக்கும் என் மூக்கைப் பற்றித்தான் பேச்சு. டீக்கடையில் ஒருவர் என்னிடம் பாலை நீட்டி, "கெட்டுப் போச்சான்னு பாத்துச் சொல்லுங்கண்ணே" என்கிறார்.

தீபாவளிக்கு வா.

சங்கிலிமுத்து


கோயம்புத்தூர்
20-11-2007

மாமாவுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு வந்தபோது நேரில் கேட்கத்தான் நினைத்தேன். நீங்கள் முற்றத்தில் ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கேட்க முடியவில்லை. எழுதுகிறேன்.

என் ப்ராஜெக்ட் புத்தகத்தில் இந்த விபத்தை ஒரு அத்தியாயமாகச் சேர்க்க வேண்டும் என்கிறார் கைடு. நேரில் கண்ட சாட்சியாக உங்கள் பெயர் வரும். அதற்காக அதே பவுடரில் துளி எடுத்து, வெடியுப்போடு ஈரப்படுத்தி வைத்துப் பார்த்தேன். நெடி வந்தது. ஆனால் ஒன்பது மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அன்றைக்குக் காலை ஏழரைக்குத்தான் மருந்து கலந்தார்கள் என்று அம்மா சொல்கிறார். பத்து மணிக்கு உங்களுக்கு எப்படி வந்திருக்கும்?

இன்னொன்று. என் கடிதத்தை அன்று காலை ஆறரைக்கே டீக்கடையில் உங்கள் கையில் கொடுத்ததாக வேலுச்சாமி அண்ணன் சொல்கிறார். சலூன், முடிச்சாயம், சுருக்கென்று ஏறுவது. இந்த வார்த்தைகள் எல்லாம் என் கடிதத்தில் இருந்தவை. அதே வரிசையில் உங்கள் வாக்குமூலத்தில் இருக்கின்றன.

அம்மா கரண்டியைப் போட்டிருந்தால்கூட நான் அம்மாவை விட்டுவிட மாட்டேன். ஆனால் எனக்கு உண்மை தெரிய வேண்டும். இந்தப் புத்தகத்தில் என் பெயர் இருக்கும். நீங்கள், அம்மா, மேனேஜர் என்று எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு எனக்கு அதில் ஒரு வரி எழுத முடியவில்லை.

எழில்


ஆமத்தூர்
29-11-2007

எழிலுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். அவற்றில் என் மூக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

முதலில் உன் அம்மா விஷயம். காலை ஏழரைக்குக் கலந்த மருந்து என்று அவள் சொன்னது, மேனேஜர் எல்லோரையும் சொல்லச் சொன்னது. அது முந்தின நாள் மிச்சம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழை கொட்டிக்கொண்டிருந்தது, வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மிச்ச மருந்தை வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பது சட்டம். "ஒரு ராத்திரிதான, சாக்கைப் போட்டு மூடிட்டு வாங்க, காலையில பாத்துக்கலாம்" என்றார் ராஜபாண்டியன். அந்த ரூம் கூரை ஒழுகும் என்று அவருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். சாக்குப் போட்டு மூடியது உன் அம்மாகூட வேலை பார்க்கிற தங்கத்தாய். காலையில் அதே தட்டின் மேல்தான் புது மருந்தையும் கொட்டியிருக்கிறார்கள். வெளியே சொன்னால் ஒன்பது பேருக்கும் வேலை போகும் என்று பயங்காட்டி வைத்திருந்தார். உன் அம்மா உன்னிடமே பொய் சொன்னது அதனால்தான். ஜெயிலுக்குப் போனாலும் எட்டுப் பேரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று இருந்திருக்கிறாள், கழுதை.

இதை என் வாயால் சொன்னால் நீ நம்ப மாட்டாய். நம்பவும் கூடாது. அதனால் தங்கத்தாயிடமே போய்க் கேட்டேன். "நான் சொல்லுதேன்ணே. எனக்கு என்ன, தீப்பெட்டி ஆபீசுல வேலை இல்லாமலா போச்சு?" என்றாள். அவள் சொன்னதை, போஸ்ட்மேன் எழுத, அவள் ரேகை வைத்திருக்கிறாள். இத்துடன் இருக்கிறது. அதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. சேர்க்கப் பார்த்தேன், போஸ்ட்மேன் எழுத மாட்டேன் என்றுவிட்டார். மிச்ச மருந்து ராத்திரி முழுக்க ஒழுகுகிற கூரைக்குக் கீழே கிடந்தது. கரண்டி என்று அந்த ரூமில் ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, மரத்துடுப்புதான். இவ்வளவும் உன் புத்தகத்துக்குப் போதுமா என்று உன் கைடு அம்மாவிடம் கேள்.

இனி என் விஷயம்.

வேலுச்சாமி சொன்னது சரிதான். காலை ஆறரைக்கே உன் கடிதம் என் கையில் இருந்தது. முதல் இரண்டு பத்தி படித்தேன். எனக்கே புத்தி சொல்கிறாளா என்று மடித்துப் பையில் வைத்துவிட்டேன். மூன்றரை மணி நேரம் அது என் சட்டைப் பையில் இருந்தது, உன் அம்மா அந்த ரூமுக்குள் இருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. பத்து மணி டீக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது, பொழுது போகாமல்தான் எடுத்தேன். நீ எழுதுவதை நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நேரமாகும். சந்தேகம், சந்தேகம் என்று நிறைய எழுதியிருந்தாய். கடைசி வரிக்கு வந்தேன். நான் பொய் சொல்லியிருந்தால் நீ சந்தோஷப்படுவாய் என்று எழுதியிருந்தாய். அந்தப் புட்டியில் நான் பொய் சொல்லவில்லை. டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

ரூமுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. தட்டு சுடுகிறதா, புகைகிறதா, எதுவும் பார்க்கவில்லை. தோளும் துடிக்கவில்லை. நான் எதையும் முன்னாலேயே கண்டுபிடிக்கவில்லை. நீ எழுதியிருந்தாய், நான் கத்தினேன். இருபத்தெட்டு வருஷம் மருந்துக்குள்ளேயே கிடந்தவன், கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு சின்னப் பெண்ணின் கடிதத்தை நம்பி வேலி தாண்டி ஓடினான் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அடுத்த நாள் எப்படித் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று ஊரே கேட்டது. வாய் திறந்தேன், வாடை வந்துவிட்டது. சொல்லச் சொல்ல எனக்கே அது வந்தது மாதிரித்தான் இருந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தங்கத்தாயைக் கூட்டிக்கொண்டு ஆபீசரைப் பார்க்கப் போகிறேன். அவள் சொல்வதை முதலில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு நான் சொன்னதை அடிக்கச் சொல்கிறேன். பொய்ச் சாட்சி என்று என்னை உட்காரவைத்தால் உட்கார்ந்துகொள்கிறேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கந்தக ரூமில் இரண்டு சீசன் வேலை பார்த்தேன். அதோடு மூக்கு செத்துப்போச்சு. யாரிடமும் சொன்னதில்லை. உன் அத்தை கருவாடு வறுத்தால் எண்ணெய்ச் சத்தத்தை வைத்துத்தான், ஆகா என்ன வாசனை என்பேன். நெடி என்று நான் சொன்னது பொய், தாயி. எனக்கு எந்த வாடையும் வரவில்லை.

சங்கிலிமுத்து